வலிக்காத புண்

என் அத்தையின் இடது காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொடங்கிக் கணுக்கால் வரைக்கும் தோல் வேறு மாதிரி இருக்கும். மயிர் முளைக்காமல், பளபளவென்று, சில இடங்களில் வெளுத்தும் சில இடங்களில் இழுத்துத் தைத்தது போலச் சுருங்கியும் கிடக்கும். ஏழு வயதில் நெல் அவிக்கிற அண்டா சரிந்து கொதிநீர் கொட்டிய இடம் அது. புடவை எப்போதும் அதை மூடியிருக்கும். வயலில் இறங்கும்போது மட்டும் தூக்கிச் செருகிக்கொள்வாள். யாராவது பார்க்கிறார்களா என்று அவள் கவலைப்பட்டதில்லை. பார்த்தவர்கள்தான் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் காலைப் பற்றித் தெரிந்ததும் பதிலே அனுப்பவில்லை. மூன்றாவதாக வந்தவர்கள் சரி என்றார்கள். அதற்குள் அத்தை வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். பெருநகர் என்கிற எங்கள் கிராமத்தில் எங்களோடேயே இருந்துவிட்டாள். அப்பா தினமும் பஸ் பிடித்துக் காஞ்சிபுரத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். நிலத்தைப் பார்த்துக்கொண்டது அத்தைதான். எட்டாவது வரை படித்திருந்தாள். கேள்வி கேட்காமல் அவளால் இருக்க முடியாது. உரக்கடையில் மூட்டை மேல் இருக்கும் மூன்று எண்களும் எதைக் குறிக்கின்றன என்று கேட்டு, கடைக்காரருக்கே தெரியவில்லை என்று தெரிந்ததும் வேளாண்மை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தவள். கரண்ட் கம்பத்தில் ஏறியவர் இறங்கும் வரை கீழே காத்திருந்து, கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஏன் ஷாக் அடிப்பதில்லை என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் காஞ்சிபுரத்துக் கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றேழாக இருக்கலாம், தொண்ணூற்றெட்டாகவும் இருக்கலாம். சம்பா நடவு நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, சாப்பாடு எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனேன். பம்புசெட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அத்தை காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு நீளமான வெள்ளைத் துணி கிடந்தது. நான் வந்ததைக் கவனித்ததும் துணியை எடுக்கப் போனாள். அதற்குள் பார்த்துவிட்டேன்.

தழும்பின் நடுவே ஒரு புண் இருந்தது. நடுவில் பள்ளம், சுற்றிலும் ஓரம் தடித்து, காலிஃப்ளவர் போல மேலே மடங்கியிருந்தது. லேசாக ஒரு வாடையும் அடித்தது.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். ஆறேழு மாதம் இருக்கும் என்றாள். முதலில் களிமண் ஒட்டிக் காய்ந்தது போல ஒரு வெடிப்புதான் வந்ததாம். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டிருக்கிறாள். பிறகு உத்திரமேரூர் மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறாள். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"வலிக்கலயே," என்றாள். "வலிச்சிருந்தா சொல்லி இருப்பேன். வலிக்காத புண்ணு இன்னா புண்ணுன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவள் சொன்னது வெறும் பேச்சல்ல. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து ஒரு வெள்ளை நூலை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் புண்ணின் குறுக்கே நூலை வைத்து அளந்து முடிச்சுப் போட்டிருந்தாள். நூலில் ஆறு முடிச்சுகள் இருந்தன. முதல் மூன்றும் நெருக்கமாக இருந்தன. அடுத்த மூன்றும் தள்ளித் தள்ளிப் போயிருந்தன. கல்லூரியில் மூன்று வருஷமாக நான் வரைந்த எந்த வரைபடமும் இவ்வளவு தெளிவாக என்னிடம் எதையும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போகாமல் அவளைக் காஞ்சிபுரத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சின்ன வயதுப் பெண் மருத்துவர். புண்ணைப் பார்ப்பதற்கு முன் தழும்பை வெகுநேரம் பார்த்தார். எத்தனை வருஷத் தழும்பு என்று கேட்டார். நாற்பது இருக்கும் என்றாள் அத்தை. அரையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். நூலைக் காட்டியதும் அதை வாங்கி, மேசை மேல் நீட்டி வைத்து, ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டார். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, ஓரத்தில் அரிசி அளவு ஒரு துண்டை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. தோலில் வரும் கேன்சர் என்றார் மருத்துவர். பழைய தீக்காயத் தழும்பில் பல வருஷம் கழித்து இப்படி வருவதுண்டு, நெறி எதுவும் கட்டவில்லை, பரவியது போலத் தெரியவில்லை, அதனால் இப்போதே வெட்டியெடுத்தால் காலைக் காப்பாற்றலாம் என்றார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அத்தை கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டாள்.

"நாப்பது வருசமா சும்மாதானே கெடந்தது. இப்போ ஏன் வந்தது?"

மருத்துவர் அவசரப்படாமல் பதில் சொன்னார். தழும்பு சும்மா கிடக்கவில்லை, நல்ல தோலைப் போல அது நீளாது, அதனால் நடக்கும்போதும் குந்தும்போதும் நுண்ணிதாக வெடித்துக்கொண்டே இருக்கும், வெடித்த இடத்தை அடைக்கச் செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும் என்றார். அவ்வளவு முறை பெருகும்போது சில செல்களில் எழுத்துப் பிழை மாதிரி ஏதாவது நேர்ந்துவிடும். பிழையான செல் பெரும்பாலும் தானாகச் செத்துவிடும். சில மட்டும் சாகாமல் நின்றுவிடுகின்றன என்றார்.

"சாவணும்னு அதுக்கே தெரியுமா?"

"தெரியும்மா. எல்லாச் செல்லுக்கும் அது எழுதித்தான் இருக்கு."

"அப்போ இதுக்கு மட்டும் யாரு வாணாம்னு சொன்னது?"

மருத்துவர் பேனாவை மூடினார். அது தனக்குத் தெரியாது என்றும், அதைத்தான் எல்லாரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். ஒரு மருத்துவர் தெரியாது என்று சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அத்தைக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

திரும்பி வரும்போது வந்தவாசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மாகறல் தாண்டியதும், செல் தானாகச் சாவதைப் பற்றி என் படிப்பில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். என் பாடப்புத்தகத்தில் அதைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் இருந்தது. தலைப்பிரட்டை தவளையாகும்போது வாலில் இருக்கும் செல்கள் முறையாக, ஒன்றன் பின் ஒன்றாகச் சாகின்றன, அதை உடம்பே உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று சொன்னேன்.

"வாலு அறுந்து வுயுதுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்," என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "அப்போ சாவறதும் ஒரு வேலதான்," என்றாள்.

வீட்டில் அப்பாவிடம் அவளே சொன்னாள். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். களை எடுக்க யார் யாரை வரச்சொல்ல வேண்டும், மேலண்டைக் கழனிக்கு எப்போது யூரியா போட வேண்டும் என்று அவள் அவரிடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். அப்பா அழுதுகொண்டே தலையாட்டினார்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. புண்ணையும் சுற்றியிருந்த தழும்பையும் அகலமாக வெட்டியெடுத்து, அந்த இடத்தில் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். மூன்று வாரம் வார்டில் இருந்தோம். இரண்டாவது வாரம், வெட்டியெடுத்ததைப் பரிசோதித்த மருத்துவரைத் தேடிக் கீழ்த்தளத்துக்குப் போனேன். ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன, எல்லாம் வந்துவிட்டது என்றார். விலங்கியல் படிக்கிறேன் என்றதும் மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடை வைத்துக் காட்டினார். இளஞ்சிவப்பில் சுழி சுழியாக, அடுக்கடுக்காக ஏதோ தெரிந்தது. அவற்றை முத்து என்றுதான் சொல்வார்களாம். மேலே வந்து உதிர வேண்டிய தோல் செல்கள் வழி தவறி உள்ளேயே சுருண்டு கெட்டிப்பட்டுப் போனவை. அவ்வளவு அழகாக இருந்ததில் எனக்கு ஒரு கூச்சம் வந்தது.

அத்தையிடம் சொன்னபோது தானும் பார்க்க வேண்டும் என்றாள். நடக்கத் தொடங்கிய நாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தாள். அந்த மருத்துவர் மறுக்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"வெங்காயத்த குறுக்கால அரிஞ்ச மாதிரி கீது," என்று மட்டும் சொன்னாள்.

வார்டுக்குத் திரும்பியதும் வேறொரு கேள்வி கேட்டாள். தொடைத் தோலை எடுத்துக் காலில் வைத்திருக்கிறார்களே, அது தன்னைத் தொடை என்று நினைத்துக்கொண்டிருக்குமா, கால் என்று நினைத்துக்கொள்ளுமா என்றாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. பதில் தெரியவில்லை என்பதால் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

பி.எட். படித்துவிட்டு ஏதாவது பள்ளிக்கூடத்தில் சேர்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த வருஷம் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியலுக்கு விண்ணப்பம் போட்டேன். அத்தைக்காகப் போட்டேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். பேராசிரியர், நான், இன்னும் இரண்டு மாணவர்கள். தோல் புற்றுச் செல்களைக் குடுவைகளில் வளர்த்து அவை ஏன் சாவதில்லை என்று பார்ப்பதுதான் வேலை. செல் சாவதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருந்தது. முறையாகச் சாகும் செல் தன் டி.என்.ஏ.வைத் தானே சம அளவுத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளும். அந்தத் துண்டுகளை ஒரு கூழ்ப்படலத்தில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டு, புற ஊதா விளக்கில் வைத்தால் ஏணிப்படி மாதிரி பட்டை பட்டையாக ஒளிரும். காயம் பட்டுச் சாகும் செல்லில் ஏணி வராது, இழுபட்ட ஒரு கறைதான் வரும். முதல்முறை என் கையால் ஏணி வந்தபோது கண்ணாடி முகமூடியைக் கழற்றாமல் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆர்.என்.ஏ. எடுப்பது அதைவிடக் கடினம். ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதி நம் தோலிலேயே இருக்கிறது. விரல் நுனி பட்டால் போதும், ஒரு வாரத்து உழைப்பு ஒன்றுமில்லாமல் போகும். இரண்டு கையுறை போட்டுக்கொள்வேன். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. தோலைப் பற்றி ஆராயும் வேலையில் என் தோல்தான் எனக்கு முதல் இடைஞ்சலாக இருந்தது.

கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: டி.என்.ஏ.வில் எழுதியிருப்பதை ஆர்.என்.ஏ. படியெடுத்துக்கொண்டு போகும், அதைப் பார்த்துப் புரதம் செய்யப்படும், புரதம்தான் எல்லா வேலையையும் செய்யும். புரதம் செய்யாத பகுதிகளெல்லாம் குப்பை. தேர்வில் அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தக் குப்பையிலிருந்தும் ஆர்.என்.ஏ. பிறக்கிறது, அதில் இருபத்திரண்டு எழுத்தே உள்ள மிகச் சிறியவை இருக்கின்றன, அவை மற்ற ஆர்.என்.ஏ.க்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு புரதம் செய்ய விடாமல் தடுக்கின்றன என்று அப்போது கட்டுரைகள் வரத்தொடங்கியிருந்தன. ஒருநாள் பேராசிரியர் அப்படி ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து, நம் மாதிரிகளிலும் அந்தச் சின்னதுகளைத் தேடலாமே என்றார்.

நான் போய் ஆர்.என்.ஏ. பிரிக்கும் பெட்டியின் கையேட்டை எடுத்துப் படித்தேன். இருநூறு எழுத்துக்குக் குறைந்த ஆர்.என்.ஏ. வடிகட்டியில் தங்காது, கழிவோடு வழிந்துவிடும் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தக் கழிவை நான்தான் ஒவ்வொரு முறையும் கழிவுப் புட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். தேடவேண்டியது முழுக்க அதில்தான் போயிருந்தது. பேராசிரியரிடம் சொல்லப் பயமாக இருந்தது. சொன்னேன். அவர் கையேட்டை வாங்கிப் படித்துவிட்டு, இதை நாங்கள் யாருமே படிக்கவில்லையே என்றார். செல்களை மறுபடி முதலிலிருந்து வளர்க்கத் தொடங்கினோம்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டாள். புரதம் செய்வது ஒரு ஆர்.என்.ஏ., செய்யாதது இன்னொரு ஆர்.என்.ஏ. என்பது வரை அவளுக்குச் சிக்கலே இல்லை. செய்யாதது எப்படி அதிகாரம் பண்ணும் என்று நான் விளக்கத் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஏரியில தண்ணி வுடுறாரே, அவுரு நெல்லு வெளைய வெக்கிறாரா? இல்ல. ஆனா எந்தக் கயனி காயணும், எது நனையணும்னு அவுருதானே பண்றாரு."

பிறகு பல வருஷம் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். யார் சொன்னது என்று சொல்லாமல்.

இரண்டாயிரத்து ஆறில், ஒட்டிய தோலின் ஓரத்தில், பழைய தழும்பு கொஞ்சம் மிச்சமிருந்த இடத்தில், ஒரு சிறு தடிப்பு வந்தது. இந்த முறை அவள் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மறுநாளே எனக்குப் போன் செய்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் பேசி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

மறுபடி சென்னை. மறுபடி வெட்டியெடுத்தார்கள். சின்னதாகவே இருந்தது. அந்த ஆஸ்பத்திரியிலிருந்துதான் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திசு மாதிரிகள் வரும். அறுவைக்கு முன்னால், எடுக்கும் திசுவில் மிஞ்சியதை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்கும் படிவத்தை ஒரு நர்ஸ் கொண்டுவந்து கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். அத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். திசு என்றால் என்ன என்று கேட்டாள். வேண்டாமென்றால் வைத்தியம் நிற்குமா என்று கேட்டாள். நிற்காது என்றதும் கையெழுத்துப் போட்டாள். என்னைப் பார்த்து, நான்தான் அதைப் பார்ப்பேனா என்றாள்.

அதை நான் பேராசிரியரிடம் கேட்டேன். சொந்தக்காரருடையது என்று தெரிந்தால் கண் தானாக ஒரு பக்கம் சாயும், அதனால் எனக்குத் தெரியக்கூடாது என்றார். பெயர்களை எடுத்துவிட்டு எண் போடுவதை வேறொருவர் செய்தார். அந்த மாதம் வந்த குழாய்களில் ஒன்று அத்தையுடையது. எது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் கையாண்டேன் என்று சொல்ல ஆசைதான். ஒவ்வொரு குழாயைத் திறக்கும்போதும் இதுவாக இருக்குமோ என்று நினைத்தேன்.

பல மாதிரிகளில், நல்ல தோலில் இருப்பதைவிட அந்தச் சிறிய ஆர்.என்.ஏ.க்களில் ஒன்று கூடுதலாக இருந்தது. அது அதிகமாக இருந்த இடத்தில், செல்லைச் சாவின் பக்கம் தள்ளும் ஒரு புரதம் குறைந்திருந்தது. குடுவையில் வளரும் செல்களில் அந்தச் சின்னதை மட்டும் தடுத்துப் பார்த்தோம். இரண்டு நாளில் செல்கள் அடித்தளத்திலிருந்து கழன்று, உருண்டு, கொப்புளம் கொப்புளமாகப் பிரிந்தன. கூழில் ஓட்டிப் பார்த்தேன். ஏணி வந்தது. எல்லாக் குடுவையிலும் வரவில்லை. சில செல்கள் அப்போதும் சாகாமல் கிடந்தன. அவற்றுக்கு வேறு ஏதோ காவல் இருந்தது.

மறுவருஷம் சோதனைக்கு வந்தபோது அத்தை ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தவளுக்கு வெள்ளை அங்கியும் வேறு செருப்பும் கொடுத்தோம். குடுவையை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, இவை உயிரோடு இருக்கும் தோல் புற்றுச் செல்கள் என்று சொன்னேன். இது யாருடையது என்று உடனே கேட்டாள். வெளிநாட்டில் ஒரு வயதான பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்தது, அவர் இறந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, செல்கள் மட்டும் உலகம் முழுக்க வளர்ந்துகொண்டிருக்கின்றன என்றேன்.

"அவங்க வூட்டு ஆளுங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றுதான் நினைக்கிறேன் என்றேன். அந்தச் செல்களோடு நான்கு வருஷம் இருந்திருக்கிறேன். எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை.

கண்டுபிடித்ததை அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் மருந்து வந்துவிட்டதா என்றாள். இல்லை என்றேன். குடுவையில் தடுப்பது வேறு, உடம்பில் தடுப்பது வேறு, அதே ஆர்.என்.ஏ. நல்ல செல்லிலும் ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறது, கைவைத்தால் என்ன ஆகும் என்று தெரியாது என்றேன். அவள் முகம் லேசாக வாடியது. என்னைச் சமாதானப்படுத்துவது போல முழங்கையைத் தட்டினாள்.

அவளிடம் சொல்ல என்னிடம் இன்னொன்று இருந்தது. அந்த மாதம் எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் பேராசிரியர் ஒரு புதிய கட்டுரையைப் படித்துச் சொன்னார். உடம்பின் வெவ்வேறு இடத்துத் தோலிலிருந்து செல்களை எடுத்து வளர்த்தால், அவை குடுவைக்குள்ளும் தாங்கள் காலா, மார்பா என்று மறப்பதில்லை. அந்த நினைவைக் காப்பதில் புரதம் செய்யாத ஒரு நீளமான ஆர்.என்.ஏ.வுக்கும் பங்கு உண்டு என்று கண்டிருந்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு அந்த வார்டும், சிரித்த பக்கத்துக் கட்டில்காரரும்தான் நினைவுக்கு வந்தார்கள். அத்தையிடம், உன் தொடைத் தோல் இன்னும் தொடையாகத்தான் இருக்கிறதாம் என்றேன். புடவையைச் சற்றுத் தூக்கிக் காலைப் பார்த்தாள்.

"பத்து வருசமா எங்கூட நடந்துக்கினு கீது. இன்னும் மறக்கலயா," என்றாள். அன்று பஸ் ஏறும் வரை அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

அதற்கடுத்த வருஷம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊர்க் கோடியில், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த இருளர் குடியிருப்பிலிருந்து எங்கள் கழனிக்கு நடவுக்கு வரும் பெண் ஒருவர் இருந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். குனிந்து நடும்போது அவர் பாவாடை நாடாவுக்கு அடியில் துணியை மடித்துச் செருகியிருப்பதை அத்தை கவனித்தாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்குமே நாடா இறுக்கிக் கட்டும் இடத்தில் இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்புத் தடம் இருக்கும். யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அத்தை அவரை வரப்புக்கு அழைத்து, புண்ணா என்று கேட்டாள். ஆமாம், ஒரு வருஷமாக ஆறவில்லை என்றார் அவர். வலிக்கிறதா என்றாள். வலி இல்லை என்றார்.

வலி இல்லை என்றதும் அத்தை நடவை நிறுத்திவிட்டாள் என்று அப்பா பிற்பாடு சொன்னார். அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். நடவு நாளில் கூலி போகும் என்பது ஒன்று. இதற்கு முன் ஒருமுறை போன இடத்தில் உட்காரச் சொல்லாமல் நாள் முழுக்க நிற்கவைத்தார்கள் என்பது இன்னொன்று. கூலி போகாது என்றாள் அத்தை. உட்காரும் விஷயத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். மறுநாள் காலை பஸ்ஸில் இருவரும் காஞ்சிபுரம் போனார்கள். மருத்துவர் வரும் வரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம்.

நாடா வருஷக்கணக்கில் உரசிய இடத்தில் வந்திருந்த அதுவும் தோல் கேன்சர்தான். ஆனால் மேலாகவே இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு வெட்டியெடுத்துத் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த நடவுக்கு அவர் வேலைக்கு வந்துவிட்டார். மெல்லிய நாடாவுக்குப் பதில் நான்கு விரல் அகலத்துக்குத் துணிப்பட்டை வைத்துத் தைத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து இன்னும் சில பெண்களும் அப்படித் தைத்துக்கொண்டார்கள்.

லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அவரைக் கழனியில் பார்த்தேன். நான்தான் இதையெல்லாம் படிக்கிறவள் என்று அத்தை அவருக்குச் சொல்லியிருந்தாள். அவர் கையில் இருந்த நாற்றுக்கட்டை வரப்பில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நாங்க அல்லாரும் ஒரே மாதிரிதான் கட்டிக்கினு கீறோம். எங்கம்மாவும் அப்டித்தான் கட்டிச்சி. எனுக்கு மட்டும் ஏம்மா வந்தது?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். உரசலும் வெடிப்பும் எல்லாருக்கும் உண்டு. பிழையான செல்லும் எல்லாருக்கும் உண்டு. ஒருவருக்கு அது செத்துவிடுகிறது, இன்னொருவருக்கு நின்றுவிடுகிறது. அதைச் சாகவிடாமல் தடுத்தது யார் என்று ஓரளவு சொல்லலாம். ஏன் இவரிடம் மட்டும் என்று சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

"தெரியலக்கா," என்றேன். "அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்."

அத்தை வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். தெரிந்தால் வந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டு, அவர் நாற்றை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். சொல்கிறேன் என்றேன்.